உருகுமுன்னே ஒரு வார்த்தை!

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு)



எடுத்ததும் ஒரு கேள்வி. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா எவ்வளவு எடை இருக்கும்? "இது என்னப்பா கேள்வி, ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவும் சொச்சமும், அதே மாதிரி இதுவும் ஒரு கிலோ" என்று நீங்கள் சொன்னால் கடைக்காரர் ரொம்ப சந்தோஷப்படுவார். நம் நாட்டு உணவு விதிப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் போதும். அப்ப மீதி? மீதி காற்று!

உடனே "ஏமாத்திட்டாங்க" என்று கிளம்பிவிட வேண்டாம். காற்று இல்லாவிட்டால் ஐஸ்கிரீமே இல்லை. பாலையும் சர்க்கரையையும் கலந்து அப்படியே ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள், செங்கல் மாதிரி ஒன்று வரும். ஸ்பூன் வளையும். ஐஸ்கிரீம் மெஷினில் கலவை உறையும்போதே கத்திகள் சுற்றிச் சுற்றிக் காற்றை உள்ளே அடிக்கின்றன. அந்தக் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ்களால்தான் அது வாயில் மெத்தென்று இருக்கிறது. இப்படிக் காற்றால் அளவு கூடுவதைத் தொழிலில் 'ஓவர்ரன்' என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? உறைய வைக்கும் முன் அந்தக் கலவை லிட்டருக்கு ஏறக்குறைய 1.1 கிலோ இருக்கும். 1.1 ஐ 0.525 ஆல் வகுத்தால் சுமார் 2.1 வருகிறது. அதாவது ஒரு லிட்டர் கலவையிலிருந்து இரண்டு லிட்டருக்கும் கொஞ்சம் மேலேயே ஐஸ்கிரீம் எடுக்கலாம், சட்டம் கேட்காது. ஆனால் எல்லோரும் அவ்வளவு காற்று அடிப்பதில்லை. ஆகவே ஒரே விலையில், ஒரே 700 மி.லி. என்று அச்சடித்த இரண்டு கம்பெனி டப்பாக்கள் இருந்தால், இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருப்பதில் காற்று குறைவு, சரக்கு அதிகம். தராசே வேண்டாம், கையே சொல்லும். வாங்கப்போகிற நமக்கு இதைவிட சுலபமான பரிசோதனை கிடையாது.

அடுத்தது கொழுப்பு. 'ஐஸ்கிரீம்' என்று டப்பாவில் போட வேண்டுமானால் அதிலிருக்கும் கொழுப்பு பால் கொழுப்பாக இருக்க வேண்டும், அதுவும் குறைந்தது 10 சதவீதம். அதற்குக் கீழே போனால் 'மீடியம் ஃபேட்', 'லோ ஃபேட்' என்று சேர்த்துப் போட வேண்டும். பால் கொழுப்புக்குப் பதில் பாமாயில் போன்ற தாவர எண்ணெய் சேர்த்தால் அதன் பெயர் 'ஃப்ரோசன் டெசர்ட்'. நம்மில் முக்கால்வாசிப் பேர் இந்த எழுத்தைப் படிப்பதே இல்லை. படம் பெரிசா இருக்கும், பெயர் பொடி எழுத்தில் ஓரமாக இருக்கும்.

2017-ல் இது பெரிய வழக்காகவே ஆனது. ஃப்ரோசன் டெசர்ட்டில் வனஸ்பதி இருக்கிறது என்று சொல்லி அமுல் ஒரு விளம்பரம் போட, இந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போய் அந்த விளம்பரத்துக்குத் தடை வாங்கியது. என்னைக் கேட்டால், ஃப்ரோசன் டெசர்ட் ஒன்றும் விஷம் இல்லை. அதிலும் பால் பவுடர் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. பால் கொழுப்பு நாக்கில் வந்து சேரும் மணம்தான் அதில் கிடைக்காது. சிலவற்றில் சாப்பிட்டு முடித்த பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி ஒரு படலம் நிற்கும். வாங்குவது உங்கள் இஷ்டம். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

லேபிளில் இன்னொன்று இருக்கும், 'ஸ்டெபிலைசர்' என்று. கெமிக்கல்னு பயப்படறவங்க நிறைய. அதில் பெரும்பாலும் இருப்பது குவார் கம். நம்ம வீட்டுக் கொத்தவரங்காய்தாங்க! அந்தச் செடியின் விதையிலிருந்து எடுக்கும் பசை, ராஜஸ்தானில்தான் ஏராளமாக விளைகிறது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஐஸ் கற்கள் பெரிதாக வளர விடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

ஐஸ் கற்களுக்கு வந்துவிட்டோம், இனிமேல்தான் விஷயமே. நல்ல ஐஸ்கிரீமுக்கும் கெட்டுப்போன ஐஸ்கிரீமுக்கும் உள்ள வித்தியாசம் சுவையில் பாதி, இந்தக் கற்களின் அளவில் பாதி. ஃபேக்டரியில் கலவையை மிக வேகமாக உறைய வைக்கிறார்கள். வேகமாக உறைந்தால் கற்கள் பொடிப்பொடியாக இருக்கும், நாக்குக்கே தெரியாது. ஏறக்குறைய 50 மைக்ரானைத் தாண்டினால்தான் நறநறவென்று மணல் மாதிரி தெரிய ஆரம்பிக்கும். நாம் மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டரை வைத்து அளந்தோமே, அந்த மைக்ரான்தான்.

இப்போது அந்த ஐஸ்கிரீம் வழியில் கொஞ்சம் இளகுகிறது என்று வையுங்கள். சின்னக் கற்கள் எல்லாம் முதலில் உருகிவிடும். மறுபடி குளிர வைத்தால் அந்தத் தண்ணீர் புதிதாகப் பொடிக் கல்லாக மாறாது. மிச்சமிருக்கும் பெரிய கற்களின் மேலேயே போய் ஒட்டிக்கொண்டு உறையும். பெரியது இன்னும் பெரியதாகும். இப்படி நாலு தடவை இளகி இறுகினால் ஐஸ்கிரீம் போய் ஐஸ் மட்டும் மிஞ்சும். காற்றுக் குமிழும் உடைந்துவிடும், டப்பாவில் அளவு இறங்கிவிடும். ஒருமுறை போன மென்மையை எந்த ஃப்ரீசராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இதை நான் தெர்மல் இன்ஜினியரிங் புத்தகத்தில் படிக்கும் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா சைக்கிளில் ஐஸ் விற்பவர். குச்சி ஐஸ், பால் ஐஸ், சேமியா ஐஸ். மூன்றாவது வரைதான் படித்தார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான், அதுவும் அந்த ஐஸ் பெட்டிக் காசில்.

அப்பாவின் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெளியே மரப்பெட்டி, உள்ளே தெர்மோகோல், அதற்குள் தகரம். ஓரமெல்லாம் உடைத்த ஐஸ்கட்டியும் கல்லுப்பும் போட்டு நடுவில் ஐஸை அடுக்குவார். மேலே நனையாத சாக்கு மடிப்பு. மூடியைத் திறந்தால் கை உள்ளே போவதும் வெளியே வருவதும் கண் சிமிட்டும் நேரம்தான். "திறந்து வச்சுக்கிட்டுக் கதை பேசாதடா, குளிர்ச்சி ஓடிரும்" என்பார். எங்கே நிறுத்தினாலும் வேப்பமர நிழல் பார்த்துத்தான் ஸ்டாண்டு போடுவார்.

ஏன் உப்பு? சின்ன வயதில் கேட்டபோது, "உப்பு போட்டா ஐஸு வீம்பு பிடிக்கும்" என்றார். பாலிடெக்னிக் வந்த பிறகுதான் கணக்கு புரிந்தது. ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அதுதான் உள்ளுறை வெப்பம். உப்பு சேர்ந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே ஐஸ் உருகத் தொடங்குகிறது. உருகுவதற்கான வெப்பத்தைப் பக்கத்தில் இருப்பதிடமிருந்து பிடுங்குகிறது. ஐஸும் உப்பும் சரியான விகிதத்தில் இருந்தால் மைனஸ் 21 டிகிரி வரை கூட இறக்கலாம். அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற அம்மையார் 1843-ல் காப்புரிமை வாங்கிய கைப்பிடி ஐஸ்கிரீம் மெஷினும் இதே உப்பு ஐஸில் ஓடியதுதான்.

சாக்கு விஷயமும் அப்படித்தான். சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் பார்த்திருப்பீர்கள். 1842-ல் கட்டியபோது அது ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்தார்கள். பூமத்திய ரேகையைத் தாண்டி மாதக்கணக்கில் வந்த கப்பலில் ஐஸைக் காப்பாற்றியது மரத்தூள்! மரத்தூளும் சாக்கும் தெர்மோகோலும் செய்வது ஒரே வேலை, உள்ளே காற்றை அசையாமல் பிடித்து வைத்து வெப்பத்தை நுழைய விடாமல் தடுப்பது. கம்பளி போர்த்தினால் ஐஸ் சீக்கிரம் உருகும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் உண்டு. கம்பளிக்கு என்ன தெரியும், உள்ளே இருப்பது மனுஷனா ஐஸா என்று?

இவ்வளவு செய்தும் சாயங்காலம் பெட்டியில் பத்துப் பதினைந்து மிஞ்சும், பாதி உருகி, குச்சி கழன்று. ஐஸ் கம்பெனியில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "அப்படியே ஃப்ரீசர்ல வச்சுட்டு காலையில வித்துருங்கண்ணே, எந்தப் பிள்ளைக்குத் தெரியப் போவுது" என்று சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. அப்பா அதை வாசல் முருங்கை மரத்தடியில் கொட்டிவிடுவார். சிவப்பும் ஆரஞ்சுமாக அந்தத் தண்ணீர் ஓடும்போது அம்மா அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். அது அன்றைய லாபம்.

அப்பா செய்தது ருசிக்காக மட்டும் இல்லை. குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். இளகிய நேரத்தில் அது விழித்துக்கொண்டு பெருகும், மறுபடி உறைய வைத்தால் பெருகினது பெருகினபடி உள்ளேயே இருக்கும். ஆகவே முழுசாக உருகி வெளியே கிடந்த பால் ஐஸையோ ஐஸ்கிரீமையோ திரும்ப உறைய வைத்துச் சாப்பிடாதீர்கள். இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. குச்சி ஐஸில் தண்ணீர்தான் எல்லாம். மீனுக்குப் போடும் ஐஸ் வேறு, குடிக்கிற தண்ணீரில் செய்யும் ஐஸ் வேறு. எந்தத் தண்ணீர் என்று தெரியாத இடத்தில் பளபளக்கும் கலரைப் பார்த்து வாங்க வேண்டாம். அப்பா விற்பதாக இருந்தாலும் இதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குச்சி ஐஸ்தானே என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1970-ல் ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலில் குச்சி ஐஸ் போட ஆரம்பித்தவர்தான் ஆர்.ஜி. சந்திரமோகன். தள்ளுவண்டியில் போன அந்தச் சரக்குதான் அருண் ஐஸ்கிரீம்ஸ் ஆனது.

சரி, இப்போது கடைக்குப் போவோம். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கடை, பெயர் வேண்டாம். கரண்ட் பில் மிச்சம் பிடிக்க ராத்திரி ஃப்ரீசரை அணைத்துவிட்டுக் காலையில் போடுவார்கள். அங்கே எந்தக் கம்பெனி ஐஸ்கிரீம் வாங்கினாலும் ஒரே ருசிதான், மணல் ருசி. கம்பெனி என்ன செய்யும் பாவம்! அதனால்தான் சொல்கிறேன், கம்பெனி பார்த்து வாங்குவதைவிடக் கடை பார்த்து வாங்குவது முக்கியம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கோன் ஐஸை லேசாகத் தொட்டால் பிஸ்கட் நமத்துப் போயிருக்கும். டப்பாவின் வெளிப்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டும். சாக்லேட் பூசிய குச்சி ஐஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து உறைந்திருக்கும். கப்பின் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பனிப்பூ, ஐஸ்கிரீமோ விளிம்புக்குக் கீழே இறங்கியிருக்கும். இதில் ஒன்று இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மேலே மூடி திறக்கும் பெட்டி ஃப்ரீசர் நல்லது, ஏனென்றால் குளிர்ந்த காற்று கனமானது, மூடியைத் திறந்தாலும் கீழேயே தங்கும். நிற்கிற கண்ணாடிக் கதவு ஃப்ரீசரில் கதவைத் திறந்ததும் நம் காலில் ஜில்லென்று கொட்டிவிடும். பெட்டி ஃப்ரீசரிலும் விளிம்பு வரை குவித்து வைத்திருந்தால் மேலே இருப்பதை எடுக்காமல் அடியில் இருப்பதைக் கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

வீட்டுக்கு வாங்கிப்போவதாக இருந்தால் மளிகை, காய்கறி எல்லாம் முடித்துக் கடைசியில் வாங்குங்கள். நியூஸ் பேப்பரில் நாலு சுற்று சுற்றிக் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அதுவும் சாக்கு செய்கிற வேலையைத்தான் செய்கிறது.

வீட்டில் எங்கே வைப்பது? ஐஸ்கிரீமுக்கு மைனஸ் 18 டிகிரி வேண்டும். அந்தக் குளிரில்கூட அதிலுள்ள தண்ணீர் முழுசாக உறையாது. சர்க்கரை கரைந்திருப்பதால் ஒரு பகுதி பாகாகவே நிற்கும், ஸ்பூன் இறங்குவதே அதனால்தான். உங்கள் வீட்டு ஃப்ரீசர் அவ்வளவு போகுமா என்று அதன் கதவிலேயே குறி போட்டிருக்கும். ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. கரண்ட் மிச்சத்துக்காக ஒட்டும் ஸ்டார் ஸ்டிக்கர் வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு நட்சத்திரத்துக்குள் இருந்தால் வாங்கிய இரண்டொரு நாளில் முடித்துவிடுவது புத்திசாலித்தனம். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜே கிடையாது, வாங்கிய பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதுவும் ஒரு சேமிப்பு முறைதான்!

கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே பின்புறம் தள்ளி வையுங்கள். பாதி சாப்பிட்ட டப்பாவில் ஐஸ்கிரீமின் மேலேயே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி அழுத்தி, பிறகு மூடியைப் போட்டால் பனிப்பூ படியாது. மூடாமல் வைத்தால் பக்கத்தில் இருக்கும் மீன் வாசனை எல்லாம் வெனிலாவுக்கு வந்துவிடும், கொழுப்புக்கு வாசனையை இழுக்கும் குணம் உண்டு. கரண்ட் போனால் ஃப்ரீசரைத் திறந்து திறந்து "உருகிடுச்சா" என்று பார்க்காதீர்கள். 2012-ல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது ஃப்ரீசரைத் திறக்காதவர்களின் சரக்குதான் தப்பியது என்று அப்பா இன்றும் சொல்வார்.

இனி ஃப்ரோசன் யோகர்ட். பெரிய ஊர் மால்களில் கிடைக்கும், உறைந்த தயிர்தான். கொழுப்பு குறைவு என்பது பெரும்பாலும் உண்மை. 'உடம்புக்கு நல்லது' என்று மட்டும் நினைத்து மூன்று கப் இறக்க வேண்டாம், புளிப்பை மறைக்கச் சர்க்கரை கணிசமாகச் சேர்க்கிறார்கள். தயிரிலுள்ள நல்ல பாக்டீரியா குளிரில் பெரும்பாலும் சாகாது, நம் வயிற்றில் போய் விழிக்கும். மேலே தூவும் ஜெம்ஸ் மிட்டாய், சாக்லேட் சிரப்புக்கு அந்தப் பெருமை கிடையாது. வீட்டிலேயே செய்வதானால் கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்துவிடுங்கள். தண்ணீர் போனால் பெரிய கற்கள் வராது. மாம்பழக் கூழும் சர்க்கரையும் சேர்த்து ஃப்ரீசரில் வைத்து, முக்கால் மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் அடித்துவிட்டால் நாலைந்து தடவையில் வந்துவிடும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத ஹாஸ்டல்வாசிகளுக்கும் வழி உண்டு. காய்ச்சி ஆறவைத்த பால், சர்க்கரை, கொஞ்சம் பால் பவுடர் கலந்து மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் பாதி ஊற்றுங்கள். ஒரு பக்கெட்டில் உடைத்த ஐஸ், கிலோவுக்கு மூன்று கைப்பிடி கல்லுப்பு. தூக்கை நடுவில் புதைத்துக் கைப்பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வப்போது திறந்து ஓரத்தில் ஒட்டியதைச் சுரண்டிக் கலக்குங்கள், உப்புத் தண்ணீர் மட்டும் உள்ளே போய்விடக் கூடாது. அரை மணி நேரத்தில் கைவலியும் வரும், ஐஸ்கிரீமும் வரும். ஆள் மாற்றி ஆள் சுற்றினால் ஒரு ரூமுக்கே போதும்.

இனி சாப்பிடுவதுதானே பாக்கி! ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பாயாதீர்கள். கல்லாக இருக்கும்போது நாக்கு மரத்துப்போய் இனிப்பும் மணமும் பாதிதான் தெரியும். ஐந்து நிமிடம் வெளியே வைத்து, ஓரம் லேசாக மினுமினுக்கும்போது எடுங்கள். உருகிப்போன ஐஸ்கிரீமைக் குடித்தால் திகட்டுகிறதே, அதற்கும் இதுதான் காரணம். குளிரில் இனிப்பு தெரியாது என்பதால் தாராளமாகச் சர்க்கரை போட்டிருக்கிறார்கள்.

காற்றே வேண்டாம், கெட்டியாக வேண்டும் என்பவர்களுக்குக் குல்பி. பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சி, மெஷினில் அடிக்காமல் அச்சில் ஊற்றி உறைய வைப்பது. அதனால்தான் மெதுவாக உருகுகிறது. ராத்திரி மணி அடித்துக்கொண்டு வருபவரிடம் வாங்கி நிதானமாகச் சாப்பிடலாம், அவசரமே இல்லை. மதுரைக்குப் போகிறவர்கள் ஜிகர்தண்டாவை விட்டுவிட வேண்டாம். சுண்டிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். அதை மட்டும் உருக விட்டுத்தான் சாப்பிட வேண்டும், இவ்வளவு நேரம் நான் சொன்னதற்கு அது ஒன்றுதான் விதிவிலக்கு.

கடைசியாக, அவசரக்காரர்களுக்கு. ஒரே வாயில் பெரிய துண்டாகப் போட்டால் நெற்றியில் சுரீர் என்று ஒரு வலி ஏறுமே, அது மேலண்ணம் திடீரென்று குளிர்ந்ததால் வருவது. பயப்பட ஒன்றுமில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி அழுத்திச் சூடு ஏற்றுங்கள், கொஞ்ச நேரத்தில் போய்விடும். அதுவரை கப்பைக் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்கும் நண்பனிடம் "இதைக் கொஞ்சம் பிடிடா" என்று கொடுத்தீர்களானால் காலி கப்தான் திரும்பி வரும்!